பழைய கரம் பலகையும் புதுப் பூச்சும்

பழையதைப் புதுக்குதல் வேறு. பழையதை அழித்து அவ்விடத்தே புதியதொன்றை வைத்தல் வேறு. வீட்டிலே கட்டிலின் கீழ்க் கிடக்கும் கரம் பலகையைச் செப்பனிட விரும்பும் பழைய மாணவர் சிலர், "ஐயா, தளத்துக்கு வார்னிஷ் பூசலாமா?" என்று என்னை வினவுவதுண்டு. இலக்கணம் கற்பிப்பவனிடம் தச்சுவேலை பற்றிக் கேட்பானேன் என்று வாசகர் வியத்தல் கூடும். இவ்விடயத்தில் யான் பட்டறிந்தவன் என்பதே அதற்கு விடை.

கரம் ஆட்டத்தின் உயிர் அதன் தளத்திலேயே உள்ளது. 1988ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய அனைத்துலகக் கரம் சம்மேளனத்தின் விதிப்படி, அது ஏறத்தாழ 74 சதமமீற்றர் சதுரமும், 8 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பும் உடைய ஒட்டுப்பலகையாய் இருத்தல் வேண்டும். காயொன்றின் நிறை 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கரின் நிறை 15 கிராமுக்கு மேற்படலாகாது. இத்துணைச் சிறு பொருள்களின் ஓட்டத்தை, மயிரிழையளவான மேடு பள்ளமும் மாற்றிவிடும்.

மேனாடுகளில் பின்போல் பொறிகளைச் செப்பனிடுவோரிடையேயும் இவ்வினா உண்டு. அவர்களுட் பலர் மோட்டார் வண்டிக்குரிய ஒளிபுகு பூச்சினைப் பூசுவர். ஆங்கு ஓடுவது ஏறத்தாழ 80 கிராம் நிறையுள்ள உருக்குக் குண்டு, அது உருள்வது. ஆதலின் கடினமான, பளபளப்பான பூச்சு ஓவியத்தையும் காக்கும், ஆட்டத்தையும் விரைவாக்கும். கரம் காயோ உருள்வதன்று, வழுக்குவது. காய்க்கும் பலகைக்கும் இடையே போரிக் தூள் தங்கினாலன்றி அது செவ்வனே ஓடாது. கண்ணாடி போன்ற தடித்த பூச்சில் தூள் நில்லாது. தட்டையான காய் ஒட்டி ஒட்டி நிற்கும். மேலும், அவ்வகை இருகூற்றுப் பூச்சின் கடினமாக்கியில் ஐசோசயனேற்று உண்டு. அதனைத் தெளிக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா நோய் உண்டாதல் கூடும். வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க வேலை அஃதன்று.

இனி, என் பிழையைக் கூறுவேன். எந்தையார் வெள்ளவத்தை வீட்டில் மாலைதோறும் ஆடிய பலகை, அவர் மறைவுக்குப் பின் கொட்டாஞ்சேனையில் உள்ள என் இல்லத்துக்கு வந்தது. அவர் அமரும் பக்கத்து அடிக்கோட்டருகே உள்ளங்கை உராய்ந்து உராய்ந்து, மரம் தேன்நிறமாகி மழமழத்திருந்தது. கார்த்திகை மழைக்காலத்தில் ஒருநாள், அப்பலகை முழுவதையும் அரத்தாளால் தேய்த்துச் செலுலோஸ் லாக்கர் பூசினேன். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிரும். ஈரக்காற்றிலுள்ள நீர் அதன்மேற் படியும். பூச்சு பால்போல் வெளுக்கும். அவ்வாறே வெளுத்தது. அக்கரைப்பான் கோடுகளின் மையையும் இளக்கியதால், வட்டங்கள் கலங்கின. இவற்றையெல்லாம் பின்னர்த் திருத்திக்கொண்டேன். ஆனால் தந்தையாரின் கை பதிந்த அவ்விடம் அரத்தாளோடு போயிற்று. அதனை எப்பூச்சும் மீட்டுத்தரவில்லை.

ஆதலின், பூசுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று.

முதலாவது, பூச்சு உண்மையில் தேவைதானா? தளம் மங்கியிருப்பின், உலர்ந்த மென்துணியால் பழந்தூளையும் அழுக்கையும் துடைத்தலே பெரும்பாலும் போதும். நீரும் எண்ணெயும் மெழுகும் ஆகா. ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிக்க, அது இரு சட்டங்களுக்கும் இடையே மூன்றரை முறையேனும் ஓடுமாயின் தளத்திற் குறையில்லை.

இரண்டாவது, பூசியதை மீளக் களைய இயலுமா? மரம் வெளிப்பட்டு ஈரம் உறிஞ்சும் இடத்தில் மட்டும் அரக்கு மெருகினை மெல்லெனத் தடவலாம். அது ஸ்பிரிட்டில் கரைவது. வேண்டாதபோது ஸ்பிரிட்டினாலேயே அகற்றத்தக்கது. நீர் பட்டால் வெளுத்தலும், வெப்பத்தில் இளகுதலும் அதன் குறைகள். கோடுகளின் மையும் ஸ்பிரிட்டில் கரையக்கூடுமாதலின், முதலில் ஒரு மூலையிற் சோதித்தல் வேண்டும். காய்ந்தபின் மிக நுண்ணிய அரத்தாளால் பளபளப்பைத் தணித்தலும் வேண்டும்.

மூன்றாவது, பலகையின் அடிப்புறம் யாதாகும்? தளத்துக்கு மட்டும் தடித்த பூச்சிட்டு அடிப்புறத்தை வெறுமனே விட்டால், ஈரம் ஒருபுறமே ஏறி இறங்கும், பலகை வளையும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இதனை மறத்தலாகாது. பலகையை ஈரச்சுவரிற் சாய்த்து வைத்தலும் தவறு.

போட்டிக்கு ஆடுவோர்க்கு யான் கூறுவது: புதுப் பலகையொன்றை வாங்குமின், பழையதை வருத்தாதீர். பழம்பலகையைப் பேண விழைவோர்க்குக் கூறுவது: துடைமின், அழிந்த கோட்டை மையால் தீட்டுமின், ஆங்கே நில்லுமின்.

விழாக்காலத்தில் எதனையும் வெள்ளையடித்துப் புதிதாக்கும் ஆர்வம் எழுதல் இயல்பே. கல்லூரியின் பழைய மேசைகளிலும் பலகைகளிலும் கை தேய்ந்த இடங்கள் உள. அவற்றின்மேற் தூரிகை வைக்குமுன், அக்கை யாருடையது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.