மட்டச் சரக்கா நம் உயிர்?

பொழுது புலருமுன்பே சோழவரம் சாலையில் பாட்டாளிக் கூட்டம் திரண்டுவிடுகிறது. கையில் சோற்றுத் தூக்கு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பயணம். கொதிக்கும் உலையிடையே உழைத்தவர் மாலையில் முழு உடலோடு திரும்பினால்தான் வீட்டில் அடுப்பெரியும். திரும்பாவிட்டால்? 'தலையெழுத்து' என்று அழுது ஓய்வதா? தலையெழுத்து வாடகை கொடுக்குமா? பள்ளிக் கட்டணம் கட்டுமா?

ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுங்கள் என்கிறோம். 'எடுத்திருக்கிறோமே, ஒரு லட்சத்துக்கு!' என்கிறார் தோழர். அங்கேதான் நமக்கு வருத்தம்.

1818இல் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி முளைத்தது, வெள்ளையர் உயிருக்காக. நம்மவர் உயிரோ மட்டச் சரக்கு. கூடுதல் பிரிமியம் கேட்டார்கள்! 1870இல் பம்பாய் மியூச்சுவல் வந்துதான் நமக்கும் அதே கட்டணம் என்றது. 1956இல் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, எல்.ஐ.சி.யை அரசு அமைத்தது. அன்று அயலான் நம் உயிருக்கு மதிப்பைக் குறைத்தான். இன்று நாமே குறைத்துக்கொள்ளலாமா?

கணக்குப் பார்ப்போம். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். தன் செலவு போகக் குடும்பத்துக்கு 15,000. கடைக்குட்டிக்கு வயது 8. அவன் சொந்தக் காலில் நிற்க இன்னும் 12 ஆண்டு. அதற்கு 21,60,000 ரூபாய். கடன் 3 லட்சம். ஆக, ஏறத்தாழ 25 லட்சம்! ஒரு லட்சம் ஏழு மாதம்கூடத் தாங்காதே!

'அவ்வளவுக்குப் பிரிமியம் கட்ட முடியுமா?' மணிபேக் பாலிசியில் கட்டும் பணத்தின் பெரும்பங்கு சேமிப்புக்குப் போகிறது. டெர்ம் பாலிசியில், உயிரோடிருந்தால் பணம் திரும்பாது. அதனால்தான் சிறு பிரிமியத்துக்குப் பெருந்தொகை. கட்டியது வீணா? திருடன் வராத இரவில் கதவைப் பூட்டியது வீணா?

அதுவும் இயலாதவர்க்கு 2015இல் தொடங்கிய பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம் உண்டு. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பு 2 லட்சம். பி.எப். பிடிக்கப்படும் தொழிலாளி பணியிலிருக்கையில் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் வேலை போனால் அந்தக் காப்பும் போகும். அதை மட்டும் நம்பியிராதீர்.

பீடிப் பழக்கத்தையும் சர்க்கரை நோயையும் படிவத்தில் மறைக்காதீர். முதல் மூன்றாண்டுக்குள் பொய்யைக் காட்டிப் பணத்தை மறுக்கச் சட்டம் இடந்தருகிறது. மணத்துக்கு முன் எழுதிய வாரிசுப் பெயர் இன்னும் சரியா என்று பாருங்கள். பத்திரம் எங்கே இருக்கிறதென்று இல்லத்தரசிக்குச் சொல்லுங்கள்.

தோழர்களே, இன்றிரவே குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நாம் மறைந்த பின்னும் நம் பிள்ளைகள் எவரிடமும் கையேந்தாதிருப்பதன்றோ தன்மானம்!