ஓட்டமும் உடலும்

திறந்த வெளியில் நெடுந்தொலைவு ஓடுவோர்க்கு உடல் சில துன்பங்களைத் தருவது இயல்பு. அவற்றுட் பல சிறியன. எளிதில் ஆற்றத் தக்கன. ஒன்று மட்டும் உயிருக்கே இறுதி பயப்பது. இவ்விரண்டையும் பகுத்தறிதலே ஓடப் பழகுவோர் முதற்கண் கற்க வேண்டுவது.

காலிற் கொப்புளம் எழுவது உராய்வினால். ஈரமுற்ற தோல் விரைவிற் கன்றும். ஆதலின் புதிய காலணியோடு நெடிய ஓட்டம் மேற்கொள்ளுதலும், நனைந்த காலுறையை மாற்றாதிருத்தலும் ஆகா. கொப்புளத்தின் மேல்தோலை உரித்தெறிதல் கூடாது. அத்தோலே உள்ளிருக்கும் புண்ணுக்கு உறையாய் நின்று காக்கும்.

விலாப்புறத்திற் குத்துவது போன்ற வலி, நிரம்ப உண்டபின் ஓடுவோர்க்கு மிகுதியும் வரும். அதன் காரணம் பற்றி மருத்துவ அறிஞர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வந்திலர். எனினும் தணிக்கும் வழி எளிது. ஓட்டத்தைத் தளர்த்தி நடந்து, மூச்சை ஆழ இழுத்து மெல்ல விட்டு, வலியுள்ள இடத்தைக் கையால் அழுத்தினால் பெரும்பாலும் சிறிது பொழுதில் நீங்கும். களைத்த கெண்டைக்காற் சதை திடீரெனச் சுருங்கி இறுகுவதும் உண்டு. அப்போது நின்று, முழங்காலை நேராக நீட்டி, கால்விரல்களைத் தன்னை நோக்கி வளைத்துப் பிடித்தால் சதை நெகிழும்.

வெப்பத்தால் வரும் துன்பமோ இத்தகையதன்று. ஓடுங்கால் தசைகள் பெருவெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. அதனை வெளியேற்றுவது வியர்வையே. வியர்வை வழிந்து கீழே சிந்துவதாற் பயனில்லை. அஃது ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பத்தை உடன்கொண்டு செல்கிறது. காற்றில் ஈரம் மிக்க நாளில் வியர்வை எளிதில் உலராது. அதனாலேயே கடற்கரை ஊர்களில் இளவெயிலும் ஓடுவோரை வருத்துகிறது. நீர் அருந்துதல் இன்றியமையாதது. ஆயினும் வேட்கையின் அளவு கடந்து ஓயாது பருகின், குருதியில் உப்பின் செறிவு குறைந்து அதுவும் தீங்காய் முடியும்.

தலைசுற்றல், குமட்டல், நடை தள்ளாடல், பேச்சுத் தடுமாறல் ஆகியவை தோன்றின் அக்கணமே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அவ்வாறு உற்றவரை நிழலிற் கிடத்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீர் வார்த்து விசிறி, மருத்துவரை அழைத்தல் உடனிருப்போர் கடன்.

1912ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் கடும் வெயிலில் நடைபெற்றது. போர்ச்சுகல் நாட்டுத் தச்சராகிய பிரான்சிஸ்கோ லாசாரோ, வெயிலைத் தடுக்கக் கருதி உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்பர். காக்கும் என்று பூசியது வியர்வையின் வழியை அடைத்தது. இடைவழியில் வீழ்ந்த அவர் மறுநாள் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 24.

அதே ஓட்டத்தில் ஜப்பான் நாட்டு ஷீஸோ கனகுரியும் வெப்பத்தால் நலிந்தார். அவர் வழியிலிருந்த ஒரு வீட்டின் தோட்டத்திற் புகுந்து, தாகம் தீர்த்து இளைப்பாறி, ஓட்டத்தைக் கைவிட்டார். நாணத்தால் நடத்துவோரிடமும் கூறாது நாடு திரும்பினார். 1967ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் அழைக்க, தம் 75ஆம் வயதில் ஸ்டாக்ஹோம் சென்று எல்லைக்கோட்டைக் கடந்தார். அவர் ஓடி முடித்த காலம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி என ஆங்கே அறிவித்தனர்.