ஆகாய மார்க்கத்தில் ஒரு பதிவுத் தபால்: பாக்கெட் ரேடியோக் கட்டுப்பாட்டுக் கருவியை அமைத்தலும் இயக்குதலும்

ஆபத்துக் காலத்தில் செய்தி தாமதமாக வந்து சேர்வது ஒரு துன்பம். தவறாக வந்து சேர்வது அதனினும் பெருந்துன்பம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கிற்று. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர், பாரதி பிரசாத் அவர்களின் தலைமையில், அச்சமயம் போர்ட் பிளேரில் தங்கி ஒரு ரேடியோ நிலையத்தை நடத்தி வந்தனர். வழக்கமான தொடர்புகள் அற்றுப்போன அந்நாட்களில், தீவுகளுக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் இடையே செய்திகளைக் கொண்டு செல்ல அந்நிலையம் பெரிதும் உதவியது.

அமெச்சூர் ரேடியோ என்பது லாப நோக்கமின்றி, அறிவு வளர்ச்சியையும் பொது நன்மையையும் கருதி, அரசாங்க அனுமதியுடன் தனியார் நடத்தும் வானொலித் தொடர்பாகும். இத்தகைய தொடர்பு பெரும்பாலும் வாய்ப் பேச்சால் நடைபெறுகின்றது. பேச்சு விரைவானது, கேட்பவர்க்குத் தெம்பளிப்பது. ஆயின் இரைச்சலின் நடுவே ‘கமலா’ என்பது ‘விமலா’ என்று கேட்கக்கூடும். ‘அறுபது’ என்பது ‘எழுபது’ ஆகக்கூடும். காணாமற்போனவர்களின் பட்டியலிலோ, வேண்டிய மருந்துகளின் பட்டியலிலோ இத்தகைய பிழை நேருமாயின் அதன் விளைவு என்னவாகும் என்று விவரிக்க வேண்டுவதில்லை. எழுத்து வடிவான செய்தியை, பிழையைத் தானே கண்டறிந்து, வானொலி வழியே சேர்ப்பிக்கும் முறை ஒன்று உண்டு. அதுவே பாக்கெட் ரேடியோ என்பது.

பொட்டலமும் ஒப்புகையும்

பலசரக்குக் கடையில் மாதச் சாமான்களை ஒரே மூட்டையில் கொட்டிக் கட்டுவதில்லை; பருப்பு, மிளகு, சீரகம் என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுகின்றனர். ஒரு பொட்டலம் கிழிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பாக்கெட் ரேடியோவின் தத்துவமும் இதுவே. நீண்ட செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி, வரிசை எண் ஆகியவை எழுதப்படுகின்றன. இறுதியில் ஒரு சோதனை எண் சேர்க்கப்படுகின்றது.

இச்சோதனை எண் பெறப்படும் விதம் கவனிக்கத்தக்கது. பொட்டலத்திலுள்ள ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் ஒரு பெரிய எண்ணாகக் கருதி, முன்னரே வகுக்கப்பட்ட ஓர் எண்ணால் ஒருவகைக் கணித முறையில் வகுத்தால் கிடைக்கும் மீதியே, 16 இரும இலக்கங்களாகக் கடைசியில் வைக்கப்படுகின்றது. பெறும் நிலையம் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கின்றது. விடை ஒத்திருந்தால் ‘பெற்றேன்’ என்னும் ஒப்புகை திரும்பிச் செல்லும். ஒவ்வாவிடில் அப்பொட்டலம் தள்ளப்படும். ஒப்புகை வராமை கண்ட அனுப்புநர் நிலையம் அதனை மறுபடி அனுப்பும். கண்டபடி சிதைந்த ஒரு பொட்டலம் இச்சோதனையில் தப்பி உள்ளே நுழைவதற்குள்ள வாய்ப்பு ஏறத்தாழ 65,536-இல் ஒன்று மட்டுமே. பதிவுத் தபாலும் அதன் ஒப்புகைச் சீட்டும் போன்றது இவ்வேற்பாடு எனலாம்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் என்பவரின் தலைமையில் 1971-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பு, வானொலி வழியே பொட்டலங்களை அனுப்பும் முறைக்கு முன்னோடியாகும். 1978-இல் கனடாவின் மான்ட்ரியல் நகர அமெச்சூர்கள் இம்முறையைக் கையாளத் தொடங்கினர். அமெரிக்காவின் டூசான் நகர அமெச்சூர் சங்கத்தினர் 1980-களில் வடிவமைத்த கட்டுப்பாட்டுக் கருவி உலகெங்கும் பரவியது. ‘ஏ.எக்ஸ்.25’ என்னும் பொது விதிமுறையின் இரண்டாம் பதிப்பு 1984-இல் வெளியாயிற்று. வெவ்வேறு நாட்டினர் செய்த கருவிகள் ஒன்றோடொன்று உரையாட முடிவது இப்பொது விதியினாலேயே.

இந்தியாவும் பெங்களூரும்

பெங்களூர் நகரம் அமெச்சூர் ரேடியோ வரலாற்றில் தனியிடம் பெற்றது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள தன் துணைக்கோள் மையத்தில் உருவாக்கிய ‘ஹாம்சாட்’, 42.5 கிலோகிராம் எடையுள்ள செயற்கைத் துணைக்கோள். 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பெற்ற அது, 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை அமெச்சூர்களின் பேச்சையும் மார்ஸ் தந்தியையும் தொலைதூரங்களுக்கு ஏந்திச் சென்றது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அனுசாட்’ 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி செலுத்தப்பெற்றது. செய்தியை வாங்கிச் சேமித்துப் பின்னர் வழங்கும் கருவி அதில் இருந்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி சென்ற பி.எஸ்.எல்.வி. சி-45 ராக்கெட்டின் நான்காம் அடுக்கில், அமெச்சூர்களின் இருப்பிடச் செய்திகளைப் பொட்டலமாக மறு ஒலிபரப்பும் கருவி ஒன்று இணைக்கப்பட்டிருந்தது.

விண்ணில் சென்ற இக்கலையைத் தரையில் பயில விரும்பும் ஒருவர்க்கு வேண்டுவன மிகச் சில: உரிமம், ரேடியோ, கணிப்பொறி, இவ்விரண்டையும் இணைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. முதற்கண் வேண்டுவது உரிமமே. மத்திய அரசின் தகவல் தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, அழைப்புக் குறி பெற்றபின்னரே ஒலிபரப்புதல் வேண்டும்.

கருவியின் உறுப்புகள்

கட்டுப்பாட்டுக் கருவியில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது மோடம். இது ஒன்றையும் பூஜ்யத்தையும் காதால் கேட்கக்கூடிய இரு ஒலிகளின் மூலம் தெரிவிக்கின்றது. அதிமிகு அதிர்வெண் பகுதியில் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகள் வழக்கத்தில் உள்ளன. வேகம் விநாடிக்கு 1200 இரும இலக்கங்கள். நெடுந்தூரச் சிற்றலையில் இரைச்சலும் அலைத் தேய்வும் மிகுதியாதலால் வேகம் 300 ஆகக் குறைக்கப்படுகின்றது. இரண்டாவது பகுதி நுண்செயலியும் நினைவகமும். பொட்டலம் கட்டுதல், பிரித்தல், சோதனை எண் கணித்தல், மறுபடி அனுப்புதல் ஆகியவை இதன் வேலைகள். மூன்றாவது, கணிப்பொறியுடன் பேசும் இணைப்பு.

இந்நாளில் இத்தனிக் கருவி இல்லாமலும் இயலும். கணிப்பொறியின் ஒலி அட்டையே மோடமாகவும், ‘டைர் உல்ஃப்’ போன்ற இலவச மென்பொருள் மற்றப் பகுதிகளாகவும் பணியாற்றும். உருவம் மாறினும் தத்துவம் மாறவில்லை.

அமைக்கும் முறை

ரேடியோவின் பின்புறத்தில் டேட்டாவுக்கென்று தனி இணைப்பு இருக்குமாயின், ஒலிவாங்கியின் வாயிலாக அன்றி அதன் வாயிலாகவே கருவியை இணைத்தல் நலம். பேச்சுக்கென்று அமைந்த சுற்றுகள் இரு ஒலிகளையும் சமமாக நடத்துவதில்லை. ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகின்றன. இணைப்புக் கம்பிகள் திரையிடப்பட்டனவாயும் குறுகியனவாயும் இருத்தல் வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளையிலேயே இந்நிலையம் அதிகம் தேவைப்படும் என்பதால், 12 வோல்ட் பாட்டரி ஒன்று இன்றியமையாதது.

அடுத்து ஒலியளவு. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. உரக்கப் பேசினால் நன்றாகக் கேட்கும் என்று எண்ணி ஒலியளவை மிகுதியாக வைத்துவிடுகின்றனர். அளவு மீறிய ஒலி முனை மழுங்கிச் சிதைகின்றது. அலை வலுவாயிருந்தும் ஒரு பொட்டலமும் தேறுவதில்லை. அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மற்றொரு நிலையத்தார் பிழையின்றிப் பெறும் இடத்தில் நிறுத்துதல் வேண்டும்.

பின்னர் கருவிக்குச் சில கட்டளைகள் இடுதல் வேண்டும். முதலாவது தம் அழைப்புக் குறி. அதனோடு 0 முதல் 15 வரை ஓர் எண்ணைச் சேர்க்கலாம்; ஒரே உரிமத்தில் இயங்கும் வீட்டு நிலையத்தையும் வாகன நிலையத்தையும் வேறுபடுத்த இது உதவும். அடுத்தது தொடக்கத் தாமதம். ரேடியோவின் விசையை அழுத்தியவுடன் அலை முழு வலிமை பெறுவதில்லை; எதிர் நிலையத்தின் வாங்கியும் உடனே விழித்துக்கொள்வதில்லை. ஆகவே பொட்டலத்துக்கு முன் சிறிது நேரம் வெற்றுக் குறிகள் அனுப்பப்படுகின்றன. இதனை 10 மில்லி விநாடிக் கணக்கில் குறிப்பது மரபு. 30 என்று இட்டால் 300 மில்லி விநாடி. மிகக் குறைத்தால் பொட்டலத்தின் தலை வெட்டுண்டு போகும். மிகக் கூட்டினால் பொதுவான அலைவரிசை வீணாகும்.

பொட்டலத்தின் அளவு மூன்றாவது. 256 பைட் உள்ளடக்கத்துடன் முகவரி முதலியன ஏறத்தாழ 20 பைட் சேர, மொத்தம் 2,208 இரும இலக்கங்கள், இதற்கு 1.84 விநாடி வேண்டும். இரைச்சல் மிகுந்த வழியில் சிறு பொட்டலமே சிறந்தது. சிதைந்தால் இழப்புக் குறைவு. தமிழில் எழுதுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். யூனிகோடு முறையில், வழக்கமான யூ.டி.எஃப்.-8 அமைப்பில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாதலால் ‘அம்மா’ என்னும் சொல்லுக்கு 15 பைட் ஆகின்றது. 256 பைட் பொட்டலத்தில் 85 குறிகளே அடங்கும். சுருங்கச் சொல்லுதல் இங்கு வெறும் அழகன்று, அவசியம்.

இயக்கும் முறை

இணைக்கும் கட்டளையையும் எதிர் நிலையத்தின் அழைப்புக் குறியையும் தட்டெழுதினால், கருவி அந்நிலையத்தை அழைக்கும். அது இசைந்தபின் எழுதுவதெல்லாம் வரிசை பிசகாமல் சென்று சேரும். இது இணைப்பு முறை. யாரோடும் இணையாமல் எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கும் முறையும் உண்டு. இருப்பிடச் செய்திகள் அவ்வாறே அனுப்பப்படுகின்றன. இம்முறையில் சிதைந்த பொட்டலம் தள்ளப்படுமேயன்றி, விதிமுறையின்படி ஒப்புகை வருவதில்லை. ஆதலின், சேர்ந்தே தீரவேண்டிய செய்தியை இணைப்பு முறையில் அனுப்புவதே முறையாகும்.

ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்வதால், கருவி முதலில் காது கொடுத்துக் கேட்கின்றது. பிறர் பேசும்வரை காத்திருக்கின்றது. அலைவரிசை ஓய்ந்ததும் காத்திருந்தோர் அனைவரும் ஒருமிக்கப் பாய்ந்தால் மோதல் நேரும். ஆகவே குலுக்கல் சீட்டுப்போல, 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் மட்டும் அனுப்புமாறு கருவியைப் பணிக்கலாம். பொறுமையற்றவர் இந்த வாய்ப்பை உயர்த்தித் தமக்கு முன்னுரிமை தேடுவதுண்டு. அதனால் மோதல் பெருகி அவர் செய்தியும் தாமதப்படும்.

தூரமும் உயரமும்

அதிமிகு அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் பார்வைக் கோட்டிலேயே செல்கின்றன. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு இது 13 கிலோமீட்டர். ஜயநகரிலும் எலகங்காவிலும் மாடியில் ஆன்டெனா வைத்திருக்கும் இருவர்க்கிடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம். கணக்கின்படி தொடர்பு இயலும். ஆயின் இடையே எழுந்துள்ள அடுக்கு மாடிகள் கணக்கைக் கெடுக்கின்றன.

இதற்குப் பரிகாரம் உயரமான இடத்திலுள்ள ஒரு மறு ஒலிபரப்பி. நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள நந்தி மலையின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,478 மீட்டர். நகரமோ ஏறத்தாழ 920 மீட்டர். வேறுபாடு 550 மீட்டருக்கு மேல். அத்தகைய உச்சியிலிருந்து அடிவானம் 96 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லும். எனினும் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மலையை இருவரும் கேட்கின்றனர், ஒருவரையொருவர் கேட்பதில்லை. எனவே அலைவரிசை ஓய்ந்திருப்பதாக எண்ணி இருவரும் ஒரே சமயத்தில் அனுப்ப, மலையில் பொட்டலங்கள் மோதுகின்றன. அன்றியும், இடைப்பட்ட நிலையம் ஒப்புகை அளிப்பதில்லை. ஒவ்வொரு தாண்டலும் நூற்றுக்கு 80 முறை வெற்றி பெறும் என்று கொண்டால், பொட்டலம் இரு தாண்டல் சென்று ஒப்புகை இரு தாண்டல் திரும்புவது நூற்றுக்கு 41 முறையே நிகழும். இடையே நிலையங்களைக் கூட்டுவது எப்போதும் நன்மையன்று என்பது இதனால் விளங்கும்.

பயிற்சியின் அவசியம்

அமெச்சூர் சேவையில் பொருளை மறைக்கும் ரகசியக் குறியீடுகளுக்கு இடமில்லை. வியாபாரச் செய்திக்கும் இடமில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநரின் அழைப்புக் குறி வெளிப்படையாக இருக்கின்றது. ஆகவே தவறு செய்பவர் மறைந்துகொள்ள முடியாது.

இக்கருவியின் பெருமை அதன் வேகத்தில் இல்லை. இந்நாளைய கைத்தொலைபேசி அதனினும் பல்லாயிரம் மடங்கு விரைவானது. ஐயத்துக்கிடமான ஒன்றைச் சரியென்று ஏற்க மறுப்பதே இதன் பெருமை. ஆனால் ஒலியளவும் தாமதமும் பொருந்தாத கருவி நல்ல செய்தியையும் ஏற்க மறுத்துவிடும். பாட்டரி வற்றிய கருவி ஒன்றையுமே ஏற்காது. கோபுரங்கள் சாய்ந்து ஊர் இருளில் மூழ்கிய பிறகு இவற்றைச் சரிசெய்ய அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே வாரம் ஒரு முறையேனும், பெயர்களும் எண்களும் கொண்ட ஒரு பட்டியலைப் பக்கத்து நிலையத்துக்கு அனுப்பி, சென்றதும் சேர்ந்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது ஒவ்வொரு நிலையத்தாரின் கடமையாகும். அமைதியான மாலைப் பொழுதில் ஒத்துப் பார்த்த பட்டியலே, இடர் வந்த இரவில் ஒருவர் பெயரைப் பிழையின்றி அவர் வீட்டாரிடம் சேர்க்கும்.