கவனம் எங்கே போயிற்று?

எட்டு வயதுப் பையன். கரும்பலகையில் நாம் கணக்கை எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவான்; மறுகணம் அவன் பார்வை ஜன்னலுக்கு வெளியே. "கவனம் போதாது" என்று பள்ளி அறிக்கையில் எழுதியவர் நாமேதான். அதைப் பார்த்த வைத்தியர் ஒருவர் 'ஏ.டி.எச்.டி.' என்னும் கவனக் குறைவுக் கோளாறு என்று சொல்லிவிட்டார். பையனின் தாயார் கண் கலங்கி நின்றபோதுதான் நமக்கு உறைத்தது.

ஒரு வகுப்பறையின் சாட்சியம் போதுமா? அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013-ல் வெளியிட்ட விதிகளின்படி, கவனக் குறைவின் 9 அறிகுறிகளில் 6 ஆவது குழந்தையிடம் இருக்க வேண்டும். 6 மாதமேனும் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என 2 இடங்களிலாவது தென்பட வேண்டும். சலிப்பினாலும், தூக்கம் போதாமையாலும், காது மந்தத்தாலுங்கூடக் கவனம் சிதறலாம்.

ஆயினும், கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கோளாறே வராது என்று எண்ணுவதும் பிழை. அறிவுக் கூர்மையே அதை வெளியே தெரியாமல் மறைத்துவிடுவதுண்டு. உண்மையில் கோளாறு இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் தகாது.

ஆதலால் பெற்றோரே, வைத்தியரைக் கோபிக்க வேண்டாம். வீட்டில் பையன் எப்படி என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். நாமும் அந்த வரியை அடித்துவிட்டு, கண்டதை மட்டும் எழுதிக் கொடுத்தோம்: "விடை சொன்ன பிறகே ஜன்னலைப் பார்க்கிறான்."