ஃபிஞ்சானைக் கீழே வைத்தேன்!

ஏழு கிண்ணம் காபி குடித்துவிட்டு, ராத்திரி முழுக்க மின்விசிறியை முறைத்துக்கொண்டு படுத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. 1994-ல், சவூதி அரேபியாவின் புரைதா நகரத்தில்.

ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கெழுதப் போயிருந்தேன். இரண்டாவது வாரமே முதலாளியின் அப்பா, வெள்ளைத் தாடிப் பெரியவர், வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். 'மஜ்லிஸ்' என்கிற வரவேற்பறையில் சுவரோரம் மெத்தை போட்டிருந்தது. பேரன் ஒருவன் இடது கையில் நீண்ட மூக்குள்ள 'தல்லா' கூஜாவோடு வந்து, காதில்லாத குட்டிக் கிண்ணத்தை வலது கையால் நீட்டினான். அதன் பெயர் ஃபிஞ்சான். ஊற்றியதோ கால் கிண்ணம்தான்.

உடனே கும்பகோணம் டிகிரி காபியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இளசாக வறுத்த கொட்டையோடு ஏலக்காய், குங்குமப்பூ போட்டுக் கொதிக்க வைத்த மஞ்சள் தண்ணீர் அது. பால், சர்க்கரை மூச்! கசப்புக்கு ஈடாக 'சுக்கரி' பேரீச்சம்பழம் உண்டு. வாயில் போட்டால் கரைகிறது. 2015-ல் யுனெஸ்கோ இந்தக் காபியைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1994-ல் என் நாக்குக்கு அது தெரியாதே!

மரியாதைக்குக் குடித்தேன். பையன் மறுபடி ஊற்றினான். குடித்தேன். ஊற்றினான். ஏழாவது முறை, பக்கத்திலிருந்த எங்கள் ஸ்டோர்கீப்பர் காயல்பட்டினம் காக்கா தொடையில் கிள்ளினார்.

"கிண்ணத்தை லேசா ஆட்டிக் கொடுங்க தம்பி. அப்பத்தான் போதும்னு அர்த்தம். இல்லேன்னா விடிய விடிய ஊத்துவான்!"

அட, நம்மூரில் இலையை மூடுகிற மாதிரி!

அப்புறம் வந்தது கப்ஸா. மாட்டுவண்டிச் சக்கரம் சைஸில் ஒரு தாம்பாளம். காய்ந்த எலுமிச்சை வாசத்தோடு நீள அரிசிச் சோறு, மேலே மலை மாதிரி ஆட்டுக்கறி. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, வலது கையால், அவரவர் முன்னாலிருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். என் ஒல்லி உடம்பைப் பார்த்துப் பெரியவருக்கு என்ன தோன்றியதோ, நல்ல கறியாகப் பிய்த்துப் பிய்த்து என் பக்கமே தள்ளினார். கடைசியில் சாம்பிராணி மாதிரி அகில் புகை காட்டினார்கள். 'கிளம்பலாம்' என்று அர்த்தமாம். விருந்தாளியை இதைவிட மணக்க மணக்க யாரால் அனுப்ப முடியும்?

திரும்பும்போது காக்கா பழங்கதை சொன்னார். பாலைவனக் கூடாரக் காலத்தில் ஒரு கிண்ணம் விருந்தாளிக்கு, அடுத்தது ரசனைக்கு, அதற்கடுத்தது வாளுக்கு. அதைக் குடித்தவன் சண்டை வந்தால் வீட்டுக்காரன் பக்கம் நிற்க வேண்டும். (நான் ஏழு குடித்திருக்கிறேன். எத்தனை யுத்தமோ!)

"இன்னொண்ணு. வந்தவன் குடிக்காம கீழே வச்சா, ஏதோ கேட்டு வந்திருக்கான்னு அர்த்தம். அவன் குடிக்காமப் போனா வீட்டுக்கே அவமானம். அதனால விளையாட்டுக்குக்கூட வச்சிராதீங்க."

வைக்கவில்லை, ஒன்றேகால் வருஷம். அப்புறம் ஊரிலிருந்து கடிதம்: தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்பா இல்லாத வீடு. முன்னே நிற்க வேண்டியவன் நான்தான். மேனேஜரிடம் மூன்று முறை லீவு கேட்டேன். ஒப்பந்தப்படி இரண்டு வருஷம் முடியணும் என்று மூன்று முறையும் அதே பதில். பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில். கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள்.

வெள்ளிக்கிழமை. அதே மஜ்லிஸ், அதே பையன். ஃபிஞ்சானை வாங்கினேன். கை நடுங்கியது. கீழே வைத்தேன்.

பேச்சு நின்றுவிட்டது. காக்கா கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜரும் எதிரில்தான் இருந்தார். அந்நியன் ஒருவன் அவர்கள் வழக்கத்தை அவர்கள் மேலேயே பிரயோகிக்கிறானே என்று கோபப்பட்டால்? மறுக்க முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்திக் கேட்பது நியாயமா? இன்றைக்கும் எனக்கு அந்த உறுத்தல் உண்டு.

"என்ன வேண்டும், மகனே?"

என் அரைகுறை அரபியில் 'தங்கச்சி', 'கல்யாணம்', 'அப்பா இல்லை' மூன்றும்தான் வந்தன. பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரைவிரிப்பைப் பார்த்தார்.

"இஷ்ரப் கஹ்வத்தக்." உன் காபியைக் குடி.

ஆறிப்போயிருந்தது. அதைப்போல ருசியான காபியை அப்புறம் நான் குடித்ததில்லை. சனிக்கிழமை (அப்போது அங்கே வாரம் சனியில்தான் துவங்கும்) பாஸ்போர்ட் மேஜைக்கு வந்தது. கூடவே ஒரு பெட்டி சுக்கரிப் பழம், மணப்பெண்ணுக்கு.

கல்யாண வீட்டில் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வாங்கிய டம்ளரை அப்படியே கீழே வைத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூட ரெண்டு பவுன் கேட்கப் போகிறாரோ?

"என்ன மாமா... என்ன வேணும்?"

"ஆடை மிதக்குது தம்பி. வேற காபி கொண்டு வாங்க!"