பின்னாடி என்ஜின், முன்னாடி ரேடியேட்டர்: சொந்தமாக கார் கட்டுவோர் உஷார்!

ராயபுரம்,

கல்மண்டபத்தில் இருந்து ஒரு ஆட்டோ பிடித்து புதுப்பேட்டை போனால் பழைய மாருதி 800 என்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் எல்லாம் கிடைத்துவிடும். இரும்பு டியூபை வளைத்து வெல்டிங் வைக்க எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஆளுக்கு பஞ்சமில்லை. ஆனால் வீட்டில் கட்டிய காரில் உயிருக்கு உலை வைப்பது ரப்பர் ஓசும், ஆக்சிலேட்டர் ஒயரும்தான்.

இந்த ஆசை வடசென்னைக்கு புதுசு இல்லை. செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில், உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்தபோது, பழைய காரை பிரித்து தாங்களே ரேஸ் கார் செய்து ஓட்டியவர்கள் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் ரேஸ் அங்கே போய்விட்டது. கோவை கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை சீட் ரேஸ் கார் உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் கோவை செட்டிப்பாளையம் டிராக் இருக்கிறது.

இதுபோன்ற காரில் என்ஜின் டிரைவருக்கு பின்னால் இருக்கும். ரேடியேட்டர் மூக்கில் இருக்கும். சுடுதண்ணீர் காரின் நீளம் முழுக்க போய் வரவேண்டும். அவ்வளவு தூரத்துக்கும் ரப்பர் ஓஸ் போட்டால் சூட்டில் தொங்கி மடங்கிவிடும். நடுவில் அலுமினிய பைப், இரண்டு முனையிலும் மட்டும் ஓஸ் என்பதே சரி. பைப் முனையில் சின்ன மேடு எடுத்து, கிளிப்பை மேட்டுக்கு உள்பக்கம் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஷரில் ஓஸ் கழன்றுவிடும். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி. பிரஷர் இருப்பதால் 120 டிகிரியை நெருங்கும் வரை தண்ணீர் கொதிக்காது. அந்த தண்ணீர் காலில் கொட்டினால் ஆஸ்பத்திரிதான். சூடாக இருக்கும்போது மூடியை திறப்பதும் அப்படியே.

அடுத்தது காத்து. பைப்பில் எங்கே மேடு இருக்கிறதோ அங்கே காத்து அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் நிறைய தண்ணீர் இருக்கும், என்ஜின் மட்டும் கொதிக்கும். அதனால் தண்ணீர் ஊற்றும் இடம்தான் எல்லாவற்றையும் விட உயரத்தில் இருக்க வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது மூக்கை ஜாக்கி வைத்து தூக்கி, மூடியை திறந்து ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும் வரை ஊற்ற வேண்டும். நம்ம ஏரியா போர் தண்ணி வேண்டவே வேண்டாம். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடும். தினசரி ஓடும் வண்டிக்கு கூலன்ட்தான் சரி. மாணவர்களின் பார்முலா போட்டியில் மட்டும் வெறும் தண்ணீர்தான். கூலன்ட் சிந்தினால் டிராக் வழுக்கும் என்பதால் இந்த விதி.

அதே போட்டியில் இன்னொரு விதியும் உண்டு. த்ராட்டிலை மூட குறைந்தது 2 ஸ்பிரிங் இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது தனியாக இழுத்து மூட வேண்டும். ஒயர், சைலன்சர் பைப்பில் இருந்து 2 அங்குலமாவது தள்ளிப் போக வேண்டும். பெடலுக்கு கீழே ஒரு தடுப்பும் வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கிற வேகம் முழுதும் ஒயரில் விழும்.

பலர் கோட்டை விடுவது எர்த் ஒயரில். பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே தடித்த எர்த் ஒயர் இல்லாவிட்டால், செல்ப் அடிக்கும்போது அந்த கரண்ட் ஆக்சிலேட்டர் ஒயர் வழியாக பாயும். உள்ளே இருக்கும் கம்பி சூடேறி உறையோடு ஒட்டிக்கொள்ளும். மிதித்தால் திரும்பாது. எங்கே கோளாறு என்று தேடினாலும் எர்த் ஞாபகத்துக்கே வராது.

ரோட்டில் ஓட்டலாம் என்ற நினைப்பு வேண்டாம். கம்பெனி கட்டியதை இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இப்படிப்பட்ட காருக்கு டிராக் மட்டும்தான்.

அங்கேயும் ஆக்சிலேட்டர் சிக்கினால் பதறக்கூடாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு தள்ளி, பிரேக் பிடித்து, பிறகு சாவியை ஆப் செய்ய வேண்டும். என்ஜின் கத்தினால் கத்தட்டும்.