டிபி மருந்துக்கும் நிற்காத இருமலா? நண்டு சாப்பிட்டாரா என்று கேளுங்கள்

‘ஐயா, என் மகன் நாகாலாந்தில் சாலை வேலைக்குப் போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தான். பத்து மாதமாக இருமல். காலையில் துப்பும் சளி துருப்பிடித்த நிறத்தில் வருகிறது. இரண்டு முறை சளி எடுத்தும் டிபி கிருமி இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயில் நிழல் இருந்ததால் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். முடித்தும் இருமல் நிற்கவில்லை. ஆனால், நன்றாகச் சாப்பிடுகிறான், எடையும் குறையவில்லை. இது என்ன நோய்?’ என்று கேட்டிருக்கிறார், பெயர் வெளியிட விரும்பாத வாசகர் ஒருவர்.

கடிதத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது. ஆனால், உங்கள் மகனிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே ஓடையில் பிடித்த நண்டைப் பச்சையாகவோ, அரைகுறையாகச் சுட்டோ சாப்பிட்டாரா?

மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசத்து மலை ஓடை நண்டுகளில் நுரையீரல் தட்டைப்புழுவின் குஞ்சுகள் இருக்கின்றன. ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்குக் கல்லீரல் தட்டைப்புழு தெரிந்திருக்கும். நத்தை இருக்கும் தண்ணீரோரம் மேய்ந்தால் வருமே, அதற்கு இது பங்காளி. இதுவும் முதலில் நத்தைக்குள் வளர்ந்து, பிறகு நண்டுக்குள் போகிறது. வேகாத நண்டைத் தின்றவரின் குடலைத் துளைத்து, உதரவிதானத்தைத் தாண்டி நுரையீரலில் குடியேறுகிறது. புளியங்கொட்டையைவிடச் சின்னப் புழுதான். ஆனால், பல வருஷம் உயிரோடு இருக்கும். அது இடும் முட்டைகள்தாம் சளியோடு வருகின்றன.

எக்ஸ்ரேயில் இது டிபி போலவே தெரியும். சளிப் பரிசோதனையில் டிபி கிருமியை மட்டும் தேடினால், முட்டை கண்ணில் படாமலே போகலாம். அதனால், ‘தட்டைப்புழு முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு நாள் சளியில் கிடைக்காவிட்டால் மேலும் சில நாள் கொடுக்க வேண்டும். சளியை விழுங்கிவிடும் குழந்தைகளுக்கு மலத்தில் தேடலாம். ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் கூடியிருப்பதும் ஒரு துப்பு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் நாள்பட்ட இருமல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது டிபியைத்தான். இதைப் படித்துவிட்டு, யாரும் டிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

புழுதான் என்று உறுதியானால் வைத்தியம் எளிது. பிராசிகுவான்டெல் மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வீதம், தினம் மூன்று வேளை, மூன்று நாள். பத்து மாதம் படுத்திய இருமலுக்கு மூன்று நாள் மருந்து! பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் அல்பெண்டசோல் இதற்குப் போதாது. மருத்துவர் எடை பார்த்து, வலிப்பு, கடுந்தலைவலி உண்டா என்று விசாரித்துத்தான் கொடுப்பார். புழு வழிதவறி மூளைக்குப் போயிருந்தால் மருத்துவமனையில் வைத்தே கொடுக்க வேண்டியிருக்கும். நாய்க்கும் ஆட்டுக்கும் வாங்கிய புழு மருந்தில் இதே பெயர் இருக்கிறதே என்று எடுத்துக் குடித்துவிடாதீர்கள்.

இருமலால் இது பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. ஆகவே, மகனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் இந்த நோய்க்கு அது தேவையில்லை.

‘அப்படியானால் எங்கள் நண்டு ரசம்?’ என்று வயல் நண்டு பிடிப்பவர்கள் கேட்பீர்கள். கொதிக்கக் கொதிக்க வைத்த ரசத்தில் பயமில்லை. சூட்டில் குஞ்சுப்புழு செத்துவிடும். உப்பு, புளி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் சாகும் என்று நம்ப முடியாது. பச்சை நண்டை இடித்துப் பிழிந்த சாறு மார்ச்சளிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் குடிக்க வேண்டாம். நண்டு இடித்த அம்மியிலும் உரலிலும் கொதிநீர் ஊற்றிக் கழுவிய பிறகே சட்னி அரையுங்கள். இடித்த கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.